எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே காடு

நார்வேயின் இன்லாண்டெட் மாநிலத்திற்கும் சுவீடனின் வேர்ம்லாண்டுப் பகுதிக்கும் இடையே, நாட்டெல்லையின் இருபுறமும் பரவிக் கிடக்கும் ஊசியிலைக் காட்டுப் பகுதிக்கு ஃபின்ஸ்கோகன், அதாவது ஃபின்னியர் காடு, என்று பெயர். நார்வே என்றதும் நினைவுக்கு வரும் செங்குத்தான பாறைகளும் அவற்றிடையே புகுந்து நிற்கும் கடலும் இங்கே இல்லை. தாழ்ந்த குன்றுகளும் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் சிற்றூர்களுமே உள்ளன. இருந்தும் இந்த எல்லைப்புறம் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் பயணிகளை ஈர்க்கிறதென்றால், அங்குள்ள இயற்கையும் அதில் வாழ்ந்த மக்களின் வரலாறும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடப்பதே அதற்குக் காரணம்.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17-ஆம் நூற்றாண்டிலும் பின்லாந்தின் சாவோ பகுதியிலிருந்து புறப்பட்ட குடியானவர்கள், அன்றைய சுவீடன் அரசு புதுக் குடியேற்றங்களுக்கு அளித்த வரிச் சலுகைகளால் ஊக்கம் பெற்று, மேற்கே ஆளரவமற்ற காடுகளில் குடியேறினர். பின்னர் அவர்களில் பலர் எல்லை கடந்து நார்வேக்குள்ளும் பரவினர். இவர்களே காட்டு ஃபின்னியர் என்று அழைக்கப்படுகின்றனர். மரங்களை வெட்டி உலரவிட்டு, கோடையில் தீயிட்டு, சாம்பலின் சூடு முழுதும் ஆறுமுன் ரை என்னும் தானியத்தை விதைக்கும் காட்டெரிப்பு வேளாண்மையே அவர்களின் வாழ்வாதாரமாக இருந்தது. ஆயினும் இரும்பு உருக்காலைகளுக்குக் கரி தேவைப்பட்டதால் காட்டு மரத்தின் மதிப்பு உயர, இந்த வேளாண்மையின் மீது கட்டுப்பாடுகள் வந்தன. தலைமுறைகள் செல்லச் செல்ல அவர்களின் மொழியும் தேய்ந்து, 1960-களில் அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர்களும் மறைந்தனர். இன்று நார்வே அரசு காட்டு ஃபின்னியரைத் தன் ஐந்து தேசியச் சிறுபான்மையினருள் ஒருவராக ஏற்றுள்ளது.

அவர்கள் விட்டுச்சென்ற கட்டடங்களே இன்று பண்பாட்டுச் சுற்றுலாவின் அடித்தளம். புகைபோக்கி இல்லாத பெரிய கல்லடுப்பைக் கொண்ட மரவீடு புகைவீடு எனப்படும். அடுப்பின் புகை கூரையடியில் திரண்டு மேலுள்ள திறப்பின் வழியே வெளியேற, சூடேறிய கற்கள் நெடுநேரம் வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கும். சுவீடன் பக்கத்தில் லேக்வாட்னெட் என்னும் ஊருக்கு அருகே, 1964 வரை மக்கள் வாழ்ந்த ரித்தமேக்கி பண்ணை வீடு பாதுகாக்கப்பட்டு வருகிறது. நார்வே பக்கத்தில் ஸ்வுல்ரியா என்னும் சிற்றூரில் காட்டு ஃபின்னியர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அவ்வூரிலேயே ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் நடைபெறும் விழாவில் இசையும் நாடகமும் கைவினையும் இடம்பெறுகின்றன. வறுத்த ஓட்ஸ் மாவைக் கொதிநீரில் வேகவைத்துப் பன்றியிறைச்சியோடு உண்ணும் மோத்தி என்ற பழைய உணவையும் இப்பகுதியில் இன்றும் சுவைக்கலாம்.

ஆண்டு முழுவதும் நடைபெறும் வெளிப்புறச் சுற்றுலாவிற்கு வழிசெய்வது பொதுநடமாட்ட உரிமை. பயிரிடாத நிலம் எவருடையதாக இருந்தாலும், சேதம் விளைவிக்காமல் அதில் நடக்கவும் தங்கவும் காட்டுப் பழங்கள் பறிக்கவும் எவர்க்கும் உரிமை உண்டு என்பதே இதன் சாரம். நார்வே இதை 1957-ஆம் ஆண்டின் சட்டத்தில் வகுத்து, கூடாரம் அடிப்போர் குடியிருக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றும் விதித்தது. சுவீடனோ இவ்வுரிமையைத் தன் அரசியலமைப்பிலேயே குறிப்பிட்டிருக்கிறது. இந்த உரிமையின் துணையோடுதான் மோரோகுலியன் முதல் வடக்கே சோரே ஓசன் வரை சுமார் 240 கிலோமீட்டர் நீளும் நடைபாதை பலமுறை எல்லையைக் கடந்து செல்கிறது. அது தொடங்கும் மோரோகுலியனில், இரு நாடுகளுக்கிடையே நிலவிய 100 ஆண்டு அமைதியின் நினைவாக 1914-இல் எழுப்பப்பட்ட சின்னம் எல்லைக்கோட்டின் மீதே நிற்கிறது.

பருவங்கள் மாற மாற இக்காட்டின் பயன்பாடும் மாறுகிறது. ஏறத்தாழ 19 மணி நேரம் பகலாக இருக்கும் நடுக்கோடையில் நடைபயணமும் படகோட்டமும் மீன்பிடித்தலும் நடைபெறுகின்றன. கிழக்கே ஓடும் க்லார் ஆற்றில், 1991 வரை வெட்டுமரங்கள் மிதக்கவிடப்பட்ட அதே நீரோட்டத்தில், இன்று பயணிகள் மரக்கட்டைகளைத் தாமே பிணைத்துத் தெப்பமாக்கி மிதந்து செல்கின்றனர். இலையுதிர்காலம் காளான்களுக்கும் லிங்கன் பழங்களுக்கும் மூஸ் என்னும் பெரிய மானின் வேட்டைக்கும் உரியது. பகல் 6 மணி நேரமாகச் சுருங்கும் பனிக்காலத்தில் காட்டுப் பாதைகள் பனிச்சறுக்குத் தடங்களாகின்றன. பனி இல்லாத மாதங்களிலும் பனிச்சறுக்குப் பயிற்சி தொடர்வதற்காக, டோர்ஸ்பி நகரில் சுமார் 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள குளிரூட்டப்பட்ட சுரங்கப்பாதை 2006-இல் திறக்கப்பட்டது.

சுற்றுலா ஒரே பருவத்தில் குவிந்தால், விடுதியும் கடையும் சில மாதங்கள் நிரம்பி வழிந்து மற்ற மாதங்களில் மூடிக்கிடக்கும். ஊழியர்களும் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவார்கள். இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயரும் சிற்றூர்களில் பள்ளியும் கடையும் நிலைக்க வேண்டுமானால், அங்கேயே வாழ்வோருக்குப் பன்னிரண்டு மாதமும் வேலை இருக்க வேண்டும். அவ்வாறு வாழ்வோர் இருந்தால்தான் புகைவீட்டின் கூரையைச் செப்பனிடும் கைத்திறனும், நடைபாதையின் அடையாளங்களைப் புதுப்பிக்கும் அக்கறையும், பழைய பாடல்களின் நினைவும் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும். ஒரு மொழியையே இழந்துவிட்ட சமூகத்திற்கு, எஞ்சிய மரபைத் தன் வாயாலேயே விருந்தினர்க்கு எடுத்துச் சொல்லும் வாய்ப்பு மிகப் பெரிது. ஆகவே இத்தகைய ஊரகச் சுற்றுலாவின் வெற்றியை வந்துபோனவர்களின் தொகையைக் கொண்டு மட்டும் கணக்கிடுவது போதாது; அதனால் அங்கேயே தங்கி வாழ முடிந்த குடும்பங்கள் எத்தனை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.