பதரும் மணியும்

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்கக்கா!"

சென்ற அக்டோபர் முதல் வாரத்தில் நம் பள்ளியின் மழலையர் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்களைப் பார்த்துக் கூறிய சொற்கள் இவை. பள்ளித் தோட்டத்தில் சூரியகாந்தி விளைவித்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி விதை தருவதாக அக்குழந்தைகளுக்கு ஜூன் மாதமே வாக்களித்திருந்தோம். சொன்னபடியே கொடுத்தும் விட்டோம். விதைகள் கறுகறுவென்று பார்வைக்கு அழகாகவே இருந்தன. ஆனால் அச்சிறுமி ஒன்றைப் பல்லால் கடித்துத் திறந்தபோது உள்ளே பருப்பு இல்லை. அடுத்ததும் வெறும் தோல். நாங்கள் பத்து விதைகளை உடைத்துப் பார்த்தோம், ஏழு பதர்! பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அந்தப் பிஞ்சுக் குழந்தைகள் முன் தலை குனிந்து நின்றோம்.

பூ செழித்திருந்தும் விதை பதராவது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் கற்றவற்றையே இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

பூ ஒன்றா, ஆயிரமா?

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனைப் பயிரிட்டு, விதையை உணவாகக் கொண்டனர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கு நெடுங்காலம் இது அழகுச் செடியாகவே இருந்தது. பிற்காலத்தில் ரஷ்ய நாட்டில்தான் பெரும் எண்ணெய்ப் பயிராக வளர்ந்தது. நம் இந்திய நாட்டில் எண்ணெய்க்காக இதைப் பயிரிடத் தொடங்கியது 1969-ஆம் ஆண்டில். அதற்கான விதை அன்றைய சோவியத் நாட்டிலிருந்து வந்தது. இதன் தாவரவியல் பெயர் ஹீலியாந்தஸ் ஆனுவஸ். கிரேக்க மொழியில் 'ஹீலியோஸ்' என்றால் சூரியன், 'ஆந்தோஸ்' என்றால் மலர்.

நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் ஒரு பூ அன்று. அது நூற்றுக்கணக்கான சிறு மலர்கள் ஒரே தட்டில் கூடியிருக்கும் மஞ்சரி. இதனைச் சிரமஞ்சரி என்பர். ஓரத்தில் மஞ்சள் இதழ்கள் போலத் தோன்றுபவை கதிர்ச் சிறுமலர்கள். இவை விதை தருவதில்லை. வண்டுகளையும் தேனீக்களையும் அழைப்பதே இவற்றின் பணி. நடுவில் நெருங்கியிருப்பவை வட்டத்தட்டுச் சிறுமலர்கள். பெரிய பூ ஒன்றில் இவை ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு விதையைத்தான் தரும். அந்த விதையும் தாவரவியல் கணக்கில் ஒரு கனியே! வெளியே இருக்கும் கறுப்புத் தோல் கனியின் உறை. உள்ளே இருக்கும் பருப்பே உண்மையான விதை.

இச்சிறுமலர்கள் தட்டில் சுருள் சுருளாக அமைந்துள்ளன. வலப்பக்கம் செல்லும் சுருள்களையும் இடப்பக்கம் செல்லும் சுருள்களையும் வண்ணச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு எண்ணினோம். ஒரு பக்கம் 34, மறு பக்கம் 55. இவை 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று முன்னிரண்டு எண்களைக் கூட்டிக்கொண்டே செல்லும் வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்கள். இடைவெளி வீணாகாமல் மிகுதியான விதைகளை அடுக்க இயற்கை கண்ட வழி இது.

கிழக்கு நோக்கிய பூக்கள்

ஜூன் மூன்றாம் வாரத்தில் விதைத்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தையார் விவசாயி. அவரே விதை தந்து முறையும் சொல்லிக் கொடுத்தார். தோட்டக்காரத் தாத்தா மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, மக்கிய தொழுவுரம் இட்டுப் பார் போட்டுக் கொடுத்தார். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி இடம் விட்டு, குழிக்கு இரண்டு விதையாக ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினோம். ஐந்தாம் நாள் முளை கண்டது. பத்து நாட்களுக்குப் பின் குழிக்கு ஒரு நல்ல செடியை விட்டு மற்றதைப் பிடுங்கினோம். மொட்டு விடும்போதும், பூக்கும்போதும், மணி பிடிக்கும்போதும் தண்ணீர் குறையக் கூடாது என்று அவர் சொன்னதை மறவாமல் முறை வைத்து நீர் ஊற்றினோம்.

இளஞ்செடிகள் காலையில் கிழக்கே சாய்ந்தும் மாலையில் மேற்கே சாய்ந்தும் நின்றதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் ஆகஸ்டு மாதக் கடைசியில் பூத்தபின், எல்லாப் பூக்களும் அசையாமல் கிழக்குச் சுற்றுச்சுவரையே பார்த்து நின்றன! எங்கள் வகுப்பறை மேற்கே இருப்பதால் நாள் முழுதும் பூக்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். செடிக்கு ஏதோ நோய் என்றுகூடச் சிலர் அஞ்சினோம்.

நோய் ஒன்றும் இல்லை. பகலில் இளந்தண்டின் கிழக்குப் பக்கம் மிகுதியாக வளர்வதால் செடி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் மிகுதியாக வளர்வதால் விடியுமுன் மீண்டும் கிழக்கே திரும்புகிறது. செடி முதிர்ந்து தண்டின் வளர்ச்சி நிற்கும்போது இந்த ஆட்டமும் நின்று, பூ கிழக்கு முகமாக நிலைத்துவிடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக அறிவியலார் இதை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டு வெளியிட்டனர். பூத்த செடிகளைத் தொட்டியோடு மேற்கே திருப்பி வைத்துப் பார்த்தார்களாம். கிழக்கு நோக்கிய பூக்கள் காலையில் விரைவில் சூடேறின. அவற்றை நாடியே தேனீக்கள் மிகுதியாக வந்தன.

ஆக, சூரியகாந்தி காலை வெயிலில் காத்து நிற்பது தேனீக்காகவும்தான். இதைப் படித்தபோதுதான் எங்கள் நெஞ்சில் சுருக்கென்றது.

பதரின் காரணம்

அதன் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஜூலை மாதம் எங்கள் கட்டடத்தின் மாடிச் சன்னல் மேல் மலைத்தேனீக்கள் பெரிய அடை கட்டியிருந்தன. கீழே மழலையர் விளையாடும் இடம். குழந்தைகளைக் கொட்டிவிடுமே என்று அஞ்சி, அடையை அகற்ற வேண்டுமென நாங்கள்தான் கையெழுத்திட்டு விண்ணப்பம் கொடுத்தோம். ஒருநாள் இரவு ஆட்கள் வந்து புகை போட்டு அகற்றினர். காலையில் நாங்கள் கைதட்டினோம்.

பதர் விதைகளைக் கண்ட தோழியின் தந்தையார், "பூ எத்தனை பெரிசா இருந்தாலும் தேனீ வந்து உக்காராட்டிப் பதர்தான் கண்ணு" என்றார்.

இதன் விளக்கம் இதுதான். வட்டத்தட்டுச் சிறுமலர்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. ஓரத்திலிருந்து தொடங்கி, நாளுக்குச் சில வட்டங்களாக மையம் நோக்கி மலர்கின்றன. ஒவ்வொரு சிறுமலரிலும் முதலில் மகரந்தத் தூள் வெளிப்படுகிறது. சூல்முடி விரிவது அதற்குப் பின்னரே. மேலும், பல இரகங்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் நன்கு சூல் கொள்ளச் செய்வதில்லை. வேறொரு செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். மகரந்தமோ பிசுபிசுப்பானது, காற்றில் எளிதாகப் பறக்காது. ஆகவே தேனீயின் உதவி இன்றியமையாதது. மகரந்தம் கிடைக்காத மலரிலும் உறை மட்டும் வளர்ந்து கறுத்துவிடும். உள்ளே பருப்பு இராது. அதுவே பதர்.

"அப்படியானால் தவறு எங்களுடையதே!" என்று எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் சென்று நின்றோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "நீர் குறைந்தாலும், மண்ணில் போரான் சத்துக் குறைந்தாலும், கடும் வெப்பத்தாலும்கூடப் பதர் உண்டாகும். சோதித்துப் பாராமல் பிறர் மீதும் குற்றம் சொல்லாதீர்கள், உங்கள் மீதும் சொல்லிக்கொள்ளாதீர்கள்" என்றார்.

எங்கள் சோதனை

அக்டோபர் நடுவில், மீதமிருந்த பழைய விதையை அதே பாத்தியில் மீண்டும் ஊன்றினோம். புதிதாக அறுத்த விதையை உடனே விதைக்க இயலாது. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் உறக்கக் காலம் உண்டு. டிசம்பர் நடுவில் பூத்தன. செடிகளை மூன்று பிரிவாக்கினோம். எல்லாவற்றுக்கும் ஒரே உரம், ஒரே தண்ணீர்.

முதற்பிரிவுப் பூக்களை, மலருமுன்பே மெல்லிய வெள்ளைத் துணிப்பையால் மூடிக் கட்டினோம். தேனீ எதுவும் அண்டாது.

இரண்டாம் பிரிவை அப்படியே விட்டோம்.

மூன்றாம் பிரிவுப் பூக்களுக்கு நாங்களே தேனீயானோம். விவசாயிகள் செய்யும் முறையே இது. காலை ஒன்பது மணிக்கு மேல், கையில் மென்மையான துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பூவை மெல்லத் தடவி, அதே துணியால் அடுத்த செடியின் பூவையும் தடவ வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் இவ்வாறு செய்தோம். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கையில் மஞ்சள் தூளோடு தேர்வு அறைக்குள் ஓடியவர்களும் எங்களில் உண்டு.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது பூக்களின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாகியிருந்தது. அதுவே அறுவடைக்குரிய அடையாளம். இடையில் கிளிகளிடமிருந்து காக்கத் தோட்டக்காரத் தாத்தா வலை கட்டி உதவினார். அறுத்து, வெயிலில் காயவைத்து, குச்சியால் தட்டி விதைகளைப் பிரித்தோம். பிரிவுக்கு நூறு விதை வீதம் எண்ணி உடைத்துப் பார்த்தோம். துணியால் மூடியவற்றில் பருப்பு இருந்தவை 11. அப்படியே விட்டவற்றில் 46. கையால் தடவியவற்றில் 82.

ஒரு சிறு பாத்தியின் கணக்கே இது. எல்லா வயல்களுக்கும் இதே எண் வரும் என்று சொல்ல மாட்டோம். தன் மகரந்தத்தாலேயே நன்கு மணி பிடிக்கும் வீரிய ஒட்டு இரகங்களும் இப்போது உண்டு. எனினும் எங்கள் தோட்டத்தில் குறைவு எதனால் என்பது தெளிவாயிற்று. மண்ணும் நீரும் ஒன்றாகவே இருந்தன. மகரந்தம் சேர்ந்ததும் சேராததுமே வேறுபாடு.

அடுப்பங்கரை வரை

இது தோட்டத்தோடு முடியும் செய்தி அன்று. எண்ணெய்க்குரிய சூரியகாந்தி விதையின் எடையில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு எண்ணெய். வைட்டமின் ஈ சத்தும் இதில் மிகுதி. ஆனால் பதரில் எண்ணெய் ஏது? நம் நாட்டில் பயன்படும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 2022-ஆம் ஆண்டு உக்ரைன் நாட்டில் போர் மூண்டபோது மளிகைக் கடையில் எண்ணெய் விலை ஏறியதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். நம் வயல்களில் மணி நிறைவதற்கும் நம் வீட்டுச் செலவுக்கும் தொடர்பு உண்டு. ஆதலால், பூக்கும் காலத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிக்காதிருத்தல், வயலோரம் தேனீப் பெட்டி வைத்தல் ஆகியவை விவசாயிக்கு இலாபமே தரும்.

குழந்தைகள் விளையாடும் இடத்தின் மேல் மலைத்தேனீ அடை இருக்கலாகாது என்றே இன்றும் எண்ணுகிறோம். ஆனால் அன்று அதை அகற்றக் கேட்ட நாங்கள், அதனோடு வேறு என்ன போகும் என்று ஒரு கணமும் எண்ணவில்லை. கைதட்டியதற்காக வருந்துகிறோம். இப்போது சிஸ்டரின் அனுமதியோடு, வகுப்பறைகளுக்குத் தொலைவில் தோட்டத்தின் கிழக்கோரம் துளசியும் துலுக்கச் செவ்வந்தியும் நட்டிருக்கிறோம். கொசுத்தேனீக்கள் சில வரத் தொடங்கியுள்ளன. இவை கொட்டுவதில்லை.

மூன்றாம் பிரிவு விதைகளைப் பொறுக்கியெடுத்து, காகிதப் பொட்டலங்களாகக் கட்டி மழலையர் வகுப்பு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டோம். வரும் ஜூன் மாதம் அக்குழந்தைகள் ஊன்றுவார்கள். அப்போது நாங்கள் பொதுத் தேர்வு முடித்து இப்பள்ளியை விட்டுச் சென்றிருப்போம். கொடுக்குமுன், முன்பு எங்களைக் கேட்ட அதே சிறுமியை அழைத்து ஒரு விதையைக் கையில் வைத்தோம். அவள் கடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை; அடுத்த விதைக்குக் கை நீட்டினாள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி