கொழுந்துக்கு உள்ள பரிசோதனை தொழிலாளிக்கு வேண்டாமா?

2015 இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டபின் பெருந்தோட்டங்கள் வேறு களைகொல்லிகளை நாடின. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ. நமது தேயிலையில் எஞ்சியிருப்பதாக யப்பான் ஆட்சேபித்தது. அந்நாடு அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மாத்திரமே. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

கொழுந்தை இவ்வளவு நுணுக்கமாக அளக்கின்றோம். பசறையிலும் அப்புத்தளையிலும் தாங்கியை முதுகில் சுமந்து மருந்தடிக்கும் தொழிலாளியின் உடலையும் அளக்க வேண்டாமா? நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே உட்புகுகின்றது. தாங்கி ஒழுகி முதுகு நனைந்தால் முகக்கவசத்தால் என்ன பயன்?

ஒகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிகொல்லிகளின் பாதிப்பை இரத்தத்திலுள்ள கொலினெஸ்தரேஸ் நொதியத்தை அளந்து அறியலாம். இதன் இயல்பான அளவு ஆளுக்காள் வேறுபடும். ஆகவே, தெளிப்பு வேலைக்கு அனுப்புமுன்னரே ஒருமுறை அளந்து வைத்தால்தான் பின்னர் ஏற்படும் வீழ்ச்சி புலப்படும். கிளைபோசேட்டுக்கு இச்சோதனை உதவாது. சிறுநீரையே பரிசோதிக்க வேண்டும்.

இவற்றுக்குப் பதுளையில் ஆய்வுகூட வசதியைச் சுகாதாரத் துறையினர் உறுதிப்படுத்த வேண்டும். அதுவரை, தலைவலி, வாந்தி என்று தோட்ட மருந்தகத்துக்கு வருவோரிடம் அன்று அடித்த மருந்து எதுவெனக் கேட்டுப் பதிவேட்டில் எழுதலாம். இதற்கு நிர்வாகம் செலவைக் காரணங்காட்ட முடியாது.