பள்ளங்கி வெயிலும் பலகைச் சுவரும்

சூரியனை ஆராய ஓர் ஆய்வகம் வேண்டும் என்று வெள்ளைக்காரர் காலத்தில் இடம் தேடியபோது கொடைக்கானல் மலைதான் தேறியது. 1899-இல் நிறுவப்பட்ட அந்த ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூசியில் பெரும்பகுதி கீழேயே தங்கிவிடுவதால் காலை வெளிச்சம் அங்கே கலங்காமல் வந்து இறங்கும். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அந்த வெளிச்சத்தில்தான். அவருக்கு வரமாக அமைந்தது, கீழே பள்ளங்கியில் பூண்டுத் தோட்டத்து ஓரமாகப் பலகை அடித்து ஷெட்டு போட்டவருக்கு வில்லங்கம்.

மலை வெயில் சுடாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பலகையைக் கெடுப்பதில் முதல் ஆள் சூடு அல்ல, புற ஊதாக் கதிர். 1,000 மீட்டர் ஏறினால் அது சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மரத்தின் உள்ளே செல்லுலோஸ் நார்கள் கட்டடத்துக் கம்பி போல. அவற்றைப் பிணைத்து நிற்கும் லிக்னின் சிமென்ட் போல. கதிர் நேராகப் போய்த் தாக்குவது லிக்னினை. சிதைந்த லிக்னினை மழை கழுவிக்கொண்டு போகும், வெளிறிய நார் மட்டும் மிஞ்சும், அதில் பூஞ்சணம் ஏறும், ஓரிரு வருடத்தில் பலகை சாம்பல் பூத்துவிடும்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் இது தோலோடு நிற்கிற சேதம். குளிர்நாடுகளில் அளந்து பார்த்ததில், பைன் போன்ற மரங்களின் வெற்றுப் பலகை நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் தேய்கிறது. ஆகவே வைரம் பாய்ந்த தேக்கில் சுவர் அடித்து, கூரையை நன்றாக வெளியே நீட்டிவிட்டவர் எதையும் பூசாமலே விடலாம். ஆனால் தோட்டத்து ஷெட்டுக்கு யார் தேக்கு வாங்குகிறார்கள்? கைக்குக் கிடைப்பது பைன், சில்வர் ஓக், யூக்கலிப்டஸ். அதிலும் வைரம் பாயாத வெள்ளைப் பகுதி நிறைய இருக்கும். அங்கே வெயிலை விடப் பெரிய எதிரி தண்ணீர். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு வேலையில்லை. அதைத் தாண்டி நாள்கணக்கில் ஈரம் தங்கினால் பலகை உள்ளிருந்து பஞ்சாகும்.

கடைக்குப் போனால் முதலில் எடுத்துக் காட்டுவது நிறமற்ற வார்னிஷ். பூசிய அன்று மரத்தின் ரேகையெல்லாம் எழுந்து நிற்கும், ஷெட்டு புது மாப்பிள்ளை கணக்காக இருக்கும். எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடுவதுபோல் புற ஊதாக் கதிரில் ஒரு பங்கையும் அது உள்ளே விட்டுவிடும். படலத்துக்குக் கீழே லிக்னின் சிதைய, வார்னிஷுக்குப் பிடிமானம் போய்விடும். போதாக்குறைக்கு, மலையில் காலையில் வெயில், பிற்பகலில் மூடுபனி. பலகை ஒரே நாளில் சுருங்கி உப்புகிறது. விறைத்த படலத்தால் கூடவே அசைய முடியாமல் வெடிக்கிறது. வெடிப்பு வழியாக நுழைந்த தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. எனாமல் பெயின்ட்டும் வயதானால் இதே பாதையில் போகும். பிறகு உரிந்ததையெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பூச்சு எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்பதை விட, அது எப்படிக் கெடும் என்று கேட்பது பயனுள்ளது. ஸ்வீடன் நாட்டுப்புறத்து மரவீடுகளின் சிவப்பு நிறம் இதற்கு நல்ல சாட்சி. ஃபாலுன் தாமிரச் சுரங்கத்திலிருந்து கிடைக்கும் இரும்பு ஆக்சைடு மண்ணை, ரை மாவுக் கஞ்சியிலும் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயிலும் காய்ச்சிப் பூசுகிறார்கள். அது உரிவதில்லை, மெல்ல மெல்லப் பொடியாக உதிரும். துடைப்பத்தால் தட்டிவிட்டு மேலேயே மறுபூச்சு அடிக்கலாம். நிறமிக்குத்தான் அங்கே முக்கிய வேலை: இரும்பு ஆக்சைடு புற ஊதாக் கதிரை வழியிலேயே மறித்துவிடும். நம் கோயில் மதில்களில் பட்டை போடும் காவியும் அதே இரும்பு ஆக்சைடுதான்.

பள்ளங்கிக்கு ஏற்றதும் அந்த வகைதான் என்பேன். படலமாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கும், நிறமி கலந்த, வெளிப்புறத்துக்கென்றே செய்த எண்ணெய் ஸ்டெயின். பூஞ்சை தடுப்பு மருந்து கலந்திருக்க வேண்டும். வெறும் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கே தீனியாகும். நிறத்தில் நடுத்தரப் பழுப்பு நல்லது. கறுப்புக்குப் பக்கமாகப் போனால் பலகை சூடாகி, பைனில் பிசின் வடியும். ரேகை தெரிய வேண்டியதில்லை என்பவருக்கு, பிரைமருக்கு மேல் வெளிப்புற அக்ரிலிக் பெயின்ட்டும் சரிதான். எனாமலை விட அது வளைந்து கொடுக்கும், நீராவியையும் ஓரளவு வெளியே விடும்.

வேப்பெண்ணெய் பூசச் சொல்பவர்கள் உண்டு. அது உலரும் எண்ணெய் அல்ல. ஆளிவிதை எண்ணெய்போல் காற்றோடு சேர்ந்து கெட்டிப்படாமல் பிசுபிசுத்துக் கிடந்து தூசியை இழுக்கும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் இன்னும் மோசம். அதிலுள்ள உலோகத் துகளும் நச்சும் மழையில் இறங்கி, சுவரோரத்துக் கேரட் பாத்தியில் போய்ச் சேரும்.

மரத்துக்குள் ஏறிய பிறகு தண்ணீரோடு எளிதில் கரைந்து போகாத மருந்து ஒன்றைக் கண்டவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் 1933-இல் உருவாக்கிய தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலவை உலகெங்கும் மின்கம்பங்களைக் காத்தது. ஆர்சனிக் என்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு மரங்களுக்கு அதைப் பயன்படுத்துவதை உற்பத்தியாளர்களே நிறுத்திக்கொண்டார்கள். ஆர்சனிக்குக்குப் பதில் போரான் சேர்த்த கலவை இங்கே இருக்கிறது. மண்ணைத் தொடும் கால்களுக்கு அப்படி மருந்தேற்றிய மரமே வேண்டும்; எந்தப் பூச்சும் அங்கே காப்பாற்றாது. அதைவிட எளிய வழி, கருங்கல் திண்டு கட்டி, மழைத்துளி தெறிக்கும் உயரத்துக்கு மேலே முதல் பலகையைத் தொடங்குவது.

வெளிநாட்டுப் புத்தகங்கள் தெற்குச் சுவரைக் கவனிக்கச் சொல்லும். பத்து டிகிரி அட்சரேகையில் அந்தப் பேச்சு அரைகுறையாகத்தான் பொருந்தும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் தலைக்கு நேராக வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் விழுவது வடக்குச் சுவரில். வருடம் முழுக்க அடி வாங்குவது பெரும்பாலும் கிழக்குச் சுவர், ஏனென்றால் மேற்கே வெயில் திரும்பும் நேரத்தில் மேகம் கவிந்துவிடுகிறது. ஆகவே மறுபூச்சுக்கு நாலு சுவரையும் ஒன்றாகக் கணக்கிட வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டால் விடுங்கள், உறிஞ்சிக்கொண்டால் அந்தச் சுவருக்கு மட்டும் ஒரு கை அடியுங்கள்.

பூசுவதற்குப் பிப்ரவரி, மார்ச் தோது. காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, மூடுபனி ஏறுமுன் நிறுத்திவிட வேண்டும். புதுப் பலகையைச் சில வாரம் வெயிலில் போட்டுவைத்தாலே மேல்தோல் கெட்டுப் பூச்சு பிடிக்காது. அடித்த கையோடு பூசிவிடுவது நல்லது. பலகையின் அறுத்த முனைகள் பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். அவை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை ஊட்டுங்கள். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் விடும். குவியலாகக் கிடந்தால் யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி, வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட வேண்டும்.