நாற்பத்து மூன்று மீட்டர் நூல்

ஃபிளை தூண்டிலில் ஒரு லீடருக்கு ஆகும் நூல் 43 மீட்டர் 20 சென்டிமீட்டர். எடை 0.6 கிராம். மலை தீபத்துக்கு 1000 மீட்டர் காடா துணி, 3,500 கிலோ நெய் என்று கணக்குச் சொல்லிப் பழகிய திருவண்ணாமலையில் 0.6 கிராம் கண்ணிலேயே படாது. ஆனால் இதுவும் திரிக்கும் வேலைதான்; திரியில் பாதி முறுக்கு தளர்ந்தாலும் எரியும், லீடரில் இழை தளரத் தளரப் பலம் போய்விடும்.

நாம் பழகிய தூண்டிலில் ஈயக்குண்டுதான் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். ஃபிளை தூண்டிலில் குண்டு கிடையாது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிய ஒரு பொய்ப்பூச்சி மட்டும். அதற்கு எடையே இல்லாததால் கனமான கயிற்றைத்தான் வீசுகிறோம். கயிற்றில் ஓடி வரும் வேகத்தைப் பூச்சிவரை கொண்டுபோய், கடைசியில் மெத்தென்று இறக்கி வைக்க நடுவில் ஒன்று வேண்டும். அடி பருத்து, நுனி மெலிந்த அந்தத் துண்டுதான் லீடர். அதன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு டிப்பெட்.

இனி, லீடருக்கு நூல் சுற்றும் பலகையின் கணக்கு. 240 செ.மீ. நீளமுள்ள பலகையில் 60 செ.மீ.க்கு ஓர் ஆணி. முதல் பகுதியில் 12 இழை, அடுத்ததில் 10, பிறகு 8, கடைசியில் 6. ஒரு பகுதியின் கண்ணி முந்தைய பகுதியின் கண்ணிக்குள் நுழைந்து வரும். நூலின் தலைப்பிலும் வாலிலும் தவிர எங்கும் முடிச்சு கிடையாது. இழைகளைக் கூட்டினால் 36. அதை 60 செ.மீ.யால் பெருக்கினால் ஒரு புரிக்கு 21.6 மீட்டர். ஒரு லீடருக்குப் புரி இரண்டு, ஆக 43.2 மீட்டர். இரண்டும் சேரும்போது அடியில் 24 இழை, நுனியில் 12.

நூல் எது? எங்கள் மாவட்டத்திலேயே ஆரணி இருக்கிறது. பாவுக்கும் ஊடைக்கும் அங்கே புழங்குகிற பட்டைவிட இதற்குப் பொருத்தமான இழை எனக்குத் தெரியாது. 20/22 டெனியர் கச்சாப்பட்டில் ஆறு இழை சேர்த்து, பலகையில் சுற்றும் ஒரு நூலாக்கினால் சராசரி 126 டெனியர். டெனியர் என்பது 9,000 மீட்டரின் எடை கிராமில். அந்தக் கணக்கில்தான் 43.2 மீட்டருக்கு 0.6 கிராம் வருகிறது. சோப்பு நீரில் வேகவைத்துப் பசை நீக்கினால் பட்டு கால்வாசி எடை இழந்து துவண்டுவிடும். லீடருக்கு அந்தப் பசையின் விறைப்பு வேண்டும், கச்சாவாகவே எடுங்கள். 20/22 இழை ஒன்றில் எட்டுக் கூடுகளின் இழைகள் ஓடுகின்றன என்று கொண்டால், ஆறு இழைக்கு 48. அதை 43.2 மீட்டரால் பெருக்கினால் 2,074 மீட்டர். ஒரு கூட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் இழை எடுக்கலாம். ஆக, ஒரு லீடர் என்பது இரண்டு புழுக்களின் வாழ்நாள் உழைப்பு. இதை நினைக்கும்போதெல்லாம் நூலை வீணாக்கக் கை வராது.

முறுக்கும்போது சுற்றை எண்ண வேண்டாம், சென்டிமீட்டரைப் பாருங்கள். இரண்டு புரியையும் ஒரே திசையில், 240 செ.மீ. 216 ஆகும்வரை, தனித்தனியே முறுக்க வேண்டும். பிறகு இரண்டு நுனிகளையும் தானே சுழலும் ஒரு ஸ்விவலில் மாட்டி ஈயக்குண்டைத் தொங்கவிட்டால், அவை எதிர்த்திசையில் தாமாகவே ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். முறுக்கும் எதிர்முறுக்கும் சமமானதும் நின்றுவிடும். கயிறு பிரியாமல் இருப்பதன் ரகசியமும் இதுதான். கடைசி நீளம் 7 அடியை ஒட்டி வரும்.

பலம்: பட்டு ஒரு டெனியருக்குச் சுமார் 3.5 கிராம் தாங்கும். நுனியின் 12 இழை 1,512 டெனியர், தாங்குவது 5.3 கிலோ. நனைந்த பட்டு ஐந்தில் ஒரு பங்கு பலம் இழக்கும், மிச்சம் 4.2. இதெல்லாம் எல்லா இழையும் சமமாக இழுபட்டால்தான். ஆணியில் சுற்றும்போது மூன்று இழை தொய்ந்துவிட்டது என்று வையுங்கள்: ஒன்பது இழை மட்டுமே வேலை செய்யும். 5.3 கிலோ 4 ஆகி, நனைந்ததும் 3.2 ஆகிவிடும். நூல் நல்லதா, முறுக்கு சரியா என்று நாள்கணக்கில் தேடுகிறவர்கள் முதலில் விரலைப் பார்க்க வேண்டும். சுற்றும் விரலின் இழுப்பு மாறாமல் இருப்பதே இந்த வேலையின் முக்கால் பங்கு.

செலவு: பட்டு கிலோ 5,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு லீடருக்கு 3 ரூபாய், கழிவு சேர்த்து 4. தையல் கடையின் 1000 மீட்டர் பாலியஸ்டர் கண்டு 40 ரூபாய் என்றால் 23 லீடர் வரும், ஒன்று 1 ரூபாய் 75 காசு. ஆனால் அந்த நூல் மயிர் மயிராக இருந்து தண்ணீர் குடிக்கும், வீசும்போது தூறலாகத் தெளிக்கும். கற்றுக்கொள்ள அது போதும், மீனுக்குப் பட்டு. பட்டும் தண்ணீர் குடிப்பதுதான். தேன்மெழுகைத் தேய்த்தால் மிதக்கும். ஜவ்வாது மலைத் தேன் இறங்கும் ஊரில் மெழுகுக்குப் பஞ்சமில்லை. கடையில் வாங்கும் நைலான் லீடர் சுருளின் வளைவை மறக்காது; இது நேராக விழும்.

முறை புதிதல்ல. 1653-இல் ஐசக் வால்டன் தூண்டில் பற்றிய புத்தகத்தை எழுதிய காலத்தில் இங்கிலாந்தில் குதிரைவால் மயிரைத் திரித்துத்தான் கயிறு செய்தார்கள். சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் பற்றியும், 1887-இல் ஏரி குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாகவும் புத்தகம் எழுதினார். நீலகிரியில் அவலாஞ்சியில் டிரவுட் மீன் பொரிப்பகம் 1907-இல் வந்தது. ஃபிளை என்றாலே மலைநாட்டு விளையாட்டு என்ற நினைப்பு அதிலிருந்து ஊறியிருக்கலாம். ஆனால் 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை சமவெளி நீரிலும் பூச்சியைக் கவ்வும். விராலுக்கு மட்டும் இந்த லீடர் ஆகாது. பாசிக்குள் புகுந்தால் நூல் தாங்காது.

எங்கே வீசுவது? கிரிவலப் பாதைக் குளங்களிலும் கோயில் குளங்களிலும் வேண்டாம். அங்கே மீனுக்குப் பொரி போடலாம், தூண்டில் போடக் கூடாது. தென்பெண்ணையில் 1958 முதல் நிற்கும் 119 அடி சாத்தனூர் அணையில் மீன்பிடிப்பு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. கேட்டு, அனுமதி வாங்கி இறங்குங்கள்.

கடைசிக் கணக்கு டிப்பெட்டுடையது. 2 கிலோ தாங்கும் நரம்பே போதும், அறுந்தால் அதுதான் அறுபட வேண்டும். 60 செ.மீ. கட்டினால் பூச்சி மாற்ற மாற்றக் குறைந்து 30 செ.மீ.யில் மாற்றியாக வேண்டும். 50 மீட்டர் சுருளில் 83 துண்டு. ஒவ்வொன்றிலும் 30 செ.மீ. மிஞ்சும், அதுவே ஏறக்குறைய 25 மீட்டர் கழிவு நரம்பு. பட்டு மக்கிப் போகும், இது போகாது. நாரையின் காலிலும் கொக்கின் அலகிலும் சுற்றிக்கொள்ளும். ஒரு துண்டையும் கரையில் விடாமல் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.