மேசைமேல் ரேடியோ, தோப்பில் ஆன்டெனா

பத்துப் பத்து மீட்டரில் இரண்டு செம்புக் கம்பிகள். இரண்டும் நடுவில் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டில் கட்டப்படுகின்றன. அங்கிருந்து ஒரு கோஆக்சியல் கேபிள் வீட்டுக்குள் இறங்குகிறது. கம்பிகளின் வெளிமுனைகளை நைலான் கயிறு இழுத்துப் பிடிக்கிறது. டைபோல் என்ற ஆன்டெனா இவ்வளவுதான். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கும் குண்டடத்தில், ஒரு தோட்டத்து வீட்டில் இதைக் கட்டி முடித்தால், பகல் வேளையில் சென்னை, பெங்களூரு, கொச்சி ஹாம்களோடு பேசலாம். நடுவில் செல்போன் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

அமெச்சூர் ரேடியோ என்பது அரசின் உரிமம் பெற்றுத் தனிமனிதர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு. இதில் ஈடுபடுகிறவர்களை உலகம் முழுவதும் ஹாம் என்கிறார்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது. பேசலாம், மோர்ஸ் தட்டலாம், கணினி வழியாக எழுத்துகளை அனுப்பலாம், சோதனைகள் செய்யலாம். இந்தியாவில் இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து '2ஜேகே' என்ற அழைப்புக் குறியோடு இயங்கினார். 1948-இல் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம் உருவானது. ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக் குறி வி.யூ.2.ஆர்.ஜி.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். முதலில் கருவி மீது ஆசை வரும். ஜப்பானின் ஐகாம், யேசு நிறுவனங்களின் படங்களைப் பார்த்து மயங்குவார்கள். நல்ல மேசைக் கருவி ஒன்று லட்ச ரூபாயைத் தாண்டும் என்று தெரிந்ததும் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அப்படி நின்றுவிடத் தேவையில்லை என்று செய்துகாட்டியவர் ஒரு இந்தியர்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் (வி.யூ.2.இ.எஸ்.இ.) 2003-இல் 'பிட்எக்ஸ்' என்ற ஒரு வடிவமைப்பை வெளியிட்டார். 14 மெகாஹெர்ட்ஸில் குரலை அனுப்பவும் வாங்கவும் செய்யும் முழுக் கருவி அது. வெளிநாட்டுச் சுற்று வரைபடங்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போன இந்திய ஹாம்களுக்குப் பாதிப் பொருள் கிடைக்காது. ஃபர்ஹான் வேலையைத் தலைகீழாகத் தொடங்கினார். நம் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் என்ன கிடைக்குமோ அதை வைத்தே சுற்றை வரைந்தார். அலைவெண்ணை உருவாக்கும் சுருளுக்குத் தனி வளையம் கிடைக்காததால், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரில் கம்பி சுற்றச் சொன்னார். வேண்டாத அலைகளை அரித்தெடுக்கும் வடிகட்டிக்கு மலிவான 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள். கடைசிக் கட்ட மின்பெருக்கத்துக்கு ஐ.ஆர்.எஃப்.510 என்ற மாஸ்ஃபெட். மின்வழங்கிகளில் ஸ்விட்ச்சாக உழைக்கும் சாதாரணப் பொருள் அது. அதிலிருந்து சுமார் 6 வாட் கிடைத்தது.

இதில் மெச்ச வேண்டியது இன்னொன்று. வாங்குவதற்கு ஒரு சுற்று, அனுப்புவதற்கு ஒரு சுற்று என்று இரண்டு கட்டாமல், ஒரே பெருக்கிகள் இரு திசையிலும் வேலை செய்யும்படி அவர் அமைத்தார். பாதிப் பொருளும் பாதி உழைப்பும் மிச்சம். வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டலாம், மாற்றலாம் என்று திறந்தே வைத்தார். உலகெங்கும் ஹாம்கள் அதைக் கட்டினார்கள். 2016-இல் பலகையாகவே பொருத்தப்பட்ட 'பிட்எக்ஸ்40' வந்தது. அதை ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று பொருத்தித் தந்தது. 2017 இறுதியில் வந்த 'மைக்ரோபிட்எக்ஸ்' 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா அமெச்சூர் பட்டைகளிலும் சுமார் 10 வாட்டில் இயங்கியது. இந்தியாவில் தோன்றி உலக ஹாம்களின் மேசைக்குப் போன கருவிகளில் இதற்கு ஈடு சொல்ல வேறொன்று இல்லை.

பத்து வாட் என்பது வீட்டில் எரியும் ஒரு எல்.இ.டி. பல்புக்கு ஆகும் மின்சாரம். இவ்வளவு சிறிய சக்தி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் ஆன்டெனா சரியாக இருந்தாக வேண்டும். கருவியைக் கடையில் வாங்கிவிடலாம். ஆன்டெனாவை அந்தந்த மண்ணுக்கும் காற்றுக்கும் தக்கபடி அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை மேசைமேல் வைக்காமல் வெளியே கட்டுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

டைபோலுக்குக் கணக்கு எளிது. 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர், 14.2-க்கு 10 மீட்டர், 28.4-க்கு 5 மீட்டர். பிளாஸ்டிக் உறையிட்ட கம்பி என்றால் நீளம் சற்றுக் குறையும். எப்படியானாலும் கணக்கைவிட ஒரு சாண் அதிகமாக வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்தபடி இரு நுனிகளையும் சமமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கருவியிலிருந்து போகும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்பதை அந்த மீட்டர் காட்டும். 1.5-க்குள் வந்துவிட்டால் போதும். அதற்குக் கீழே கொண்டுவர நாள்கணக்கில் பாடுபடுவது வீண்.

கம்பிக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. கோயம்புத்தூர் பம்பு உற்பத்திக்குப் பேர்போனது. ஆழ்குழாய் சப்மெர்சிபிள் மோட்டாரைச் சுற்றும் செம்புக் கம்பி தண்ணீருக்குள்ளேயே கிடந்து உழைப்பதற்காக உறையிடப்பட்டது. மழை அதற்குப் பெரிய சோதனை இல்லை. மோட்டார் வைண்டிங் கடையில் எடைக்கு வாங்கிவிடலாம்.

உயரம் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பார்கள். அமெரிக்காவையோ ஐரோப்பாவையோ பிடிக்க வேண்டுமானால் அது சரி. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலைத் தென்னை உயரத்தில், எட்டுப் பத்து மீட்டரில் கட்டினால், அலை பெரும்பாலும் நேர் மேலே போகிறது. தரைக்கு 250, 300 கிலோமீட்டர் மேலே இருக்கும் அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கு அதைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பும் அலை சுற்றுவட்டாரத்தில் நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் பரப்பில் மழைபோல் இறங்கும். குண்டடத்தை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் தமிழ்நாடு, கேரளம் முழுவதும், கர்நாடகத்தின் தென்பாதி, இலங்கையின் வடபகுதி எல்லாம் உள்ளே வந்துவிடும். மலை மறைக்குமே என்ற கவலையும் இல்லை. அலை மலைக்கு மேலாகப் போய்விடுகிறது.

நிலத்தில் நட்ட ஒற்றைக் கம்பியாக நிற்கும் வெர்டிகல் ஆன்டெனா இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்கு நல்ல கடத்தும் மண் வேண்டும். குண்டடம் வட்டாரத்தின் காய்ந்த மானாவாரி நிலம் அதற்கு உதவாது. அடியில் நாலா பக்கமும் கம்பிகளை விரித்தால்தான் அது வேலை செய்யும். இடம் இருக்கும் ஊரில் டைபோலே நல்லது.

காற்றை மறக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் தென்னை ஆடும்போது, இழுத்துக் கட்டிய கம்பி ஒரே இரவில் அறுந்துவிடும். கயிற்றின் ஒரு முனையை மரத்தில் இறுக்காமல் ஒரு கப்பி வழியாக விட்டு, நுனியில் செங்கல்லைத் தொங்கவிட்டால் மரம் ஆடும்போது கல் ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும். நடுவை மட்டும் உயர்த்தி, முனைகளைச் சரிவாக இறக்கும் 'இன்வெர்டெட் வி' முறையில் ஒரே கம்பம் போதும். ஆனால் அனுப்பும்போது முனைகளில் மின்னழுத்தம் மிக அதிகம். ஆடு மாடு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். மின்வாரியக் கம்பி பக்கம் ஆன்டெனாவைக் கொண்டுபோகவே கூடாது. உயிர் போன சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. சித்திரை இடி மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுவது நல்லது.

இரைச்சல்தான் இன்றைய ஹாமின் பெரிய எதிரி. பவர்லூம் கூடங்களிலும் பின்னலாடை ஆலைகளிலும் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள், மலிவான எல்.இ.டி. விளக்குகள், சோலார் இன்வெர்ட்டர்கள் எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் இரைகின்றன. தூசு படிந்த உயரழுத்த இன்சுலேட்டர்கள் கோடையில் பொரிந்து, மழை கழுவியதும் அடங்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. கருவியை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயினை அணைக்க வேண்டும். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள். நிற்காவிட்டால் கையடக்க ஏ.எம். ரேடியோவோடு தெருவில் நடக்க வேண்டும். ஆன்டெனாவை வீட்டிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளித் தோப்புக்குள் கொண்டுபோனாலே பாதி இரைச்சல் குறையும். நகரத்து மாடியில் இருப்பவருக்கு வாய்க்காத வசதி இது. கிராமத்து ஹாம் நகரத்தாரைவிட மேலான இடத்தில் இருக்கிறார் என்று தயங்காமல் சொல்லலாம்.

டைபோலுக்கு அடுத்து எல்லோருக்கும் யாகி ஆன்டெனா மீது கண் போகும். 1926-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி இருவரும் உலகுக்குத் தந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் கொடைக்கானலை நோக்கித் திருப்பி வைத்திருந்த தூர்தர்ஷன் ஆன்டெனாக்கள் அந்த இனம்தான். 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர் அளவில் மூன்று குச்சிகள் போதும். கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பை வெட்டி பி.வி.சி. குழாயில் பொருத்திச் செய்வார்கள். அதைக் கையில் பிடித்து வானத்தை நோக்கினால், 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவதைப் பிடிக்கலாம். ஒருமுறை கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம். 2005 மே 5 அன்று இஸ்ரோ பி.எஸ்.எல்.வி.-சி6 மூலம் ஏவிய 'ஹாம்சாட்' செயற்கைக்கோள் 42.5 கிலோ எடையில் ஹாம்களுக்கென்றே பறந்தது. 2014 வரை சின்ன யாகியும் சில வாட்டும் வைத்திருந்தவர்களைக் கண்டம் விட்டுக் கண்டம் பேச வைத்தது.

இத்தனையும் பொழுதுபோக்குக்குத்தானா என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரைச் சொல்ல வேண்டும். பாரதி பிரசாத் (வி.யூ.2.ஆர்.பி.ஐ.) தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் ஆன்டெனா கட்டி உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக ஒலிக்காத அந்தமானுடன் பேச உலகமே வரிசையில் நின்றது. 26-ஆம் தேதி காலை நிலநடுக்கமும் சுனாமியும் வந்து தொலைபேசிகள் ஓய்ந்தபோது, அதே கருவிகளும் ஆன்டெனாக்களும் தீவுகளின் செய்தியை நிலப்பரப்புக்குக் கொண்டுசேர்த்தன.

சேர விரும்புகிறவருக்கு 12 வயது நிறைந்திருந்தால் போதும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் அடிப்படை மின்னணுவியலும் விதிகளும் கேட்கப்படும். தொடக்க நிலை உரிமத்துக்கு வி.யூ.3 என்றும், மோர்ஸும் சேர்ந்த பொது நிலைக்கு வி.யூ.2 என்றும் அழைப்புக் குறி தொடங்கும். உரிமம் கைக்கு வருமுன் அனுப்பும் கருவி வைத்திருக்கக் கூடாது என்பது 1933-ஆம் ஆண்டுச் சட்டக் காலம் தொட்டு வரும் விதி.

தொடங்க இது நல்ல நேரமும்கூட. கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் படம் பிடித்துவரும் சூரியப்புள்ளிகள், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. இந்தச் சுழற்சியின் உச்சம் 2024 வாக்கில் வந்தது. உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸில் பத்து வாட்டுக்கும் குறைவாக வைத்தே கடல் கடந்து பேசிவிடலாம். அதற்கு வேண்டிய ஆன்டெனா ஐந்து மீட்டர் கம்பி, மொட்டை மாடியிலேயே அடங்கும். புள்ளிகள் குறையக் குறைய அந்தப் பட்டை ஓய்ந்துகொண்டே போகும். 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி தோப்பில் எப்போதும்போல் வேலை செய்துகொண்டிருக்கும்.