660 டன் ஊஞ்சல்

2015 ஆகஸ்டில் சௌடலோர் சூறாவளி தைவானைத் தாக்கியபோது, தைபே 101 கோபுரத்தின் உச்சிக்கருகே தொங்கும் தங்கநிற இரும்புக்குண்டு ஒரு மீட்டர் தூரம் ஆடியது. எடை 660 டன். ஆடுவதற்காகத்தான் அதை அங்கே மாட்டியிருக்கிறார்கள்.

சூறாவளிக்கும் நிலநடுக்கத்துக்கும் பழகிய ஊர் தைபே. அதன் நகர மையத்தில், ஒரு நிலப்பிளவுக்கு 200 மீட்டர் தூரத்தில், 508 மீட்டர் கோபுரம் எதற்கு? வாடகைக் கணக்கு பதிலாகாது. உயரம் ஏற ஏறத் தூணும் லிஃப்டும் இடத்தைத் தின்றுவிடும். கௌரவத்துக்காகக் கட்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்தக் கௌரவத்துக்குள் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. அதற்காகவே நான் இந்தக் கட்டடத்தின் கட்சி.

உயர்ந்த கட்டடத்தை அன்றாடம் சோதிப்பது அதன் சொந்த எடை அல்ல, காற்று. ஆற்றில் பாலத்தூணுக்குப் பின்னால் நீர் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோபுரத்துக்குப் பின்னால் காற்றும் அப்படியே சுழிக்கிறது. சுழலின் தாளமும் கட்டடம் இயல்பாக ஆடும் தாளமும் ஒன்றிவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் உந்துவதுபோல் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். கட்டடம் விழாது. ஆனால் மேல்மாடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

முதல் மருந்து மூலைகளில். காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துப் பார்த்து, கூர்மையான மூலைகளைப் படிபோல் வெட்டினார்கள். சுழல்கள் ஒழுங்காகச் சேர முடியாமல் சிதறின. காற்றின் தாக்குதல் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. அழகுக்குச் செதுக்கியது என்று நினைத்த மடிப்புக்கு இப்படி ஒரு வேலை!

இரண்டாவது மருந்து அந்தக் குண்டு. 12.5 செ.மீ. தடிமனில் 41 இரும்புத் தட்டுகளை அடுக்கிப் பற்றவைத்தது, விட்டம் 5.5 மீட்டர். 92-ஆம் மாடியிலிருந்து கம்பிவடங்களில் கட்டி 87-ஆம் மாடி வரை தொங்கவிட்டிருக்கிறார்கள். கோபுரம் ஒருமுறை போய்வர 7 நொடி ஆகிறது. குண்டும் அதே 7 நொடியில் ஆடவேண்டும். ஊசலின் தாளத்தைத் தீர்மானிப்பது நீளம்தான், எடை அல்ல. பள்ளிப் பாடத்தில் வரும் சூத்திரத்தில் 7-ஐப் போட்டால் 12 மீட்டர் சொச்சம் வரும். வடமோ அதைவிட நீளம். அதனால் நடுவில் ஒரு சட்டத்தால் வடங்களை இறுக்கிப் பிடித்து, ஆடும் நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள். வீணையின் மெட்டில் விரல் வைப்பது போலத்தான்.

கட்டடம் வலப்பக்கம் சாயும்போது குண்டு பின்தங்குகிறது; பின்தங்கியபடியே இடப்பக்கம் இழுக்கிறது. குண்டுக்கு அடியிலுள்ள எண்ணெய் உருளைகள், லாரியின் ஷாக் அப்சார்பர்போல, அந்த அசைவை வெப்பமாக்கி விடுகின்றன. சூறாவளியின் ஆற்றலில் ஒரு பங்கு எண்ணெய்ச் சூடாக முடிகிறது. கோபுரத்தின் மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத குண்டு இதைச் செய்கிறது.

நிலநடுக்கத்திலிருந்து கோபுரத்தைக் காப்பது இந்தக் குண்டுதான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது முக்கியமாகக் காற்றுக்கானது. பூமி குலுங்கும்போது தாங்குவது எட்டுப் பெருந்தூண்களும், அவற்றை நடுக்கூட்டோடு பிணைக்கும் இரும்புச் சட்டங்களும், தரைக்கடியில் பாறை வரை இறங்கிய 380 அடித்தூண்களும். 2002 மார்ச் 31 அன்று, பாதி எழும்பியிருந்த நிலையிலேயே பெரிய நடுக்கம் வந்தது. மேலிருந்த கிரேன்கள் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். கட்டடத்தின் எலும்புக்கூடு நின்றது.

மற்ற கோபுரங்களில் இப்படிப்பட்ட எடையைப் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் மறைத்து வைப்பார்கள். தைபேயில் சுற்றிலும் மேடை கட்டி, வண்ணம் பூசி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அதற்குக் கைகால் வைத்து, ‘டேம்பர் பேபி’ என்று பொம்மையாகவும் விற்கிறார்கள்.