நீல அட்டைக்கு மேல் ஒரு செய்தித்தாள்

டிசம்பர் 6 முடிந்து, மேசைகளை மடக்கி, விற்காத புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டால் எங்களுக்கு ஓர் ஆண்டு முடிந்தது என்று பொருள். கடலூர் மாவட்டத்தில் சிறிய அளவில் புத்தகம் விற்கிறவர்கள் நாங்கள். நிரந்தரமாகக் கடை கிடையாது. இரண்டு மேசை, விரிக்க ஒரு நீலத்துணி, ஒரு சிறிய ஒலிபெருக்கி, சில பெட்டிப் புத்தகங்கள். அவ்வளவுதான் கடை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ச் சரக்கு எடுப்போம். ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். 2022 முதல் தமிழ்நாடு அரசு அதைச் சமத்துவ நாளாகக் கொண்டாடுகிறது. அன்று சிலைக்கு மாலை போட வருகிற கூட்டத்தின் ஓரத்தில் எங்கள் மேசை இருக்கும். பிறகு மாவட்டப் புத்தகத் திருவிழா, கல்லூரி விழாக்கள், அக்டோபர் 14 பௌத்தம் தழுவிய நாள், கடைசியாக டிசம்பர் 6 நினைவு நாள். இதுதான் எங்கள் பஞ்சாங்கம்.

மும்பை தாதரில் டிசம்பர் 6 அன்று சைத்யபூமிக்கு வருகிற மக்கள் புத்தகம், நாட்காட்டி, பாட்டு என்று வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவார்கள். நாக்பூர் தீட்சாபூமியிலும் அப்படியே. தலைவரைக் கும்பிடப் போகிற இடத்தில் புத்தகம் வாங்குவது அங்கே ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நம் பக்கத்திலும் அது மெல்ல வளர்ந்து வருகிறது. இந்த ஆண்டு எதைக் கேட்டார்கள், எந்த அட்டையைக் கையில் எடுத்தார்கள், எந்தப் பாட்டுக்கு நின்றார்கள் என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கேட்டு வாங்கிய புத்தகங்கள்

எப்போதும் முதலிடம் அண்ணல் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ உரைக்குத்தான். அது பேசப்படாத பேச்சு. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தார்கள். எழுதி அனுப்பிய உரையைப் பார்த்துப் பயந்துபோய் மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் தன் செலவிலேயே அச்சடித்தார். 1,500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டன என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே சொல்கிறார். அதே முன்னுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. அதற்குள் அந்த நூல் குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. மராத்தி, இந்தி, மலையாளம் எல்லாம் அதன் பிறகுதான். இதைச் சொன்னால் மாணவர்கள் வியப்போடு புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அண்ணலை முதலில் வாசித்த மொழிகளில் நம் மொழியும் ஒன்று.

அடுத்தது பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வந்த நூல். பனை மட்டையின் ஓரத்தில் இருக்கும் ரம்பப் பல்தான் கருக்கு என்று கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கையைக் கிழித்துக்கொண்டவர்கள். கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த ஒரு பெண், தன் தெருவின் பேச்சிலேயே தன் கதையை எழுதினார். புத்தகத்தைப் பிரித்து நின்றபடியே இரண்டு பக்கம் படிக்கிற அம்மாக்கள், “எங்க வீட்ல பேசுற மாதிரியே இருக்குதே” என்பார்கள். வீட்டில் பேசுகிற பேச்சு அச்சில் ஏறும் தகுதி உள்ளது என்று ஒருவருக்குத் தெரியவருவது சின்னச் செய்தி இல்லை.

நம் மாவட்டத்துக்காரர் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. சேரிக்கு வெளுத்துப் போடுகிற குடும்பம், சேரிக்கும் கீழே நிறுத்தப்பட்டிருப்பதைச் சொல்கிறது. நமக்குள் இருக்கும் மேல் கீழையும் பார்க்கச் சொல்வதால் இந்த நாவல் சிலருக்குக் கசக்கிறது. மேசையருகே விவாதமும் நடக்கும். விவாதித்தவர்களில் பாதிப் பேர் வாங்கியும் போவார்கள். இமையம் பின்னர் ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்ய அகாடமி விருது பெற்றார்.

கல்லூரி மாணவர்கள் இப்போது அயோத்திதாசப் பண்டிதரைத் தேடி வருகிறார்கள். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார் அவர். பெயரிலேயே விலை. அவருடைய எழுத்துகளைக் காப்பாற்றி நூலாக்கியதில் கோலார் தங்கவயல் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்த மக்களிடையே இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவர் நூல்களை வெளியிட்டது. பிறகு 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. பண்டிதர் 1914இல் மறைந்தார். 85 ஆண்டு கழித்துத்தான் அவர் எழுத்து பெரிய தொகுப்பாக நம் கைக்கு வந்திருக்கிறது.

தலித் மக்கள் படிக்க வேண்டும் என்ற பேச்சு நம் மண்ணுக்குப் புதிதல்ல. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நந்தன் பெயரில் பள்ளிக்கூட வாசல் திறந்தது. எங்களிடம் வருகிற பிள்ளைகளில் சிலருடைய தாத்தா அந்தப் பள்ளியில் படித்தவர்.

அட்டையைப் பார்த்து எடுக்கிறார்கள்

புத்தகத்தின் அட்டையைப் பற்றிப் பேசினால் சிலர் அது வெறும் அலங்காரம் என்பார்கள். மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. கை முதலில் போவது அட்டைக்குத்தான்.

இந்த ஆண்டு சிறுவர்கள் அதிகம் புரட்டியது ‘பீமாயணம்’. அண்ணலின் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொல்லும் நூல். 2011இல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்ட் பழங்குடி ஓவியர்கள். மற்றப் படக்கதைகளைப் போலப் பக்கத்தைக் கட்டம் கட்டமாக இவர்கள் வெட்டவில்லை. இன்னொன்றைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்கிறார்கள்: அன்பான பேச்சு பறவை வடிவத்துக்குள் இருக்கிறது, சுடுகிற பேச்சுக்குத் தேள் கொடுக்கு இருக்கிறது. தண்ணீர் கேட்ட சிறுவன் பீமனிடம் பேசியவர்களின் சொல்லுக்குக் கொடுக்கு இருப்பது ஏன் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிறது.

பெரும்பாலான அம்பேத்கர் நூல்களின் அட்டை நீலம். அவர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நீலம் என்பதால் அந்த நிறம் இயக்கத்தின் நிறமாயிற்று. கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். தூரத்திலிருந்தே யாருடைய நூல் என்று தெரிந்துவிடும். விற்பனைக்கு அது நல்லது. அதுவே தடையாகும் இடமும் உண்டு.

சிதம்பரம் பக்கம் ஒரு விழாவில் கல்லூரி மாணவி ஒருவர் ‘சாதி ஒழிப்பு’ நூலை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு கேட்டார்: “அண்ணா, இதே புஸ்தகம் வேற அட்டையில இருக்குதா?” ஏன் என்றோம். “பஸ்ல வெச்சிப் படிக்கணும். ஒண்ணரை மணி நேரம் போவணும். இந்தப் படம் இருந்தா எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. எந்தத் தெருன்னு கேக்கறாங்க.” பணம் கொடுத்துவிட்டு அவரே பையிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்தார். நாங்கள் மடித்து அட்டை போட்டுக் கொடுத்தோம். பள்ளிப் புத்தகத்துக்கு அழுக்குப் படாமலிருக்க அட்டை போடுவோம். இந்த அட்டை எதற்கு என்று மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தப் பெண்ணிடம் குறை காண நமக்கு உரிமை இல்லை. பேருந்தில் தனியாகப் போகிறவர் அவர். நிறத்தைப் பார்த்துச் சாதியைப் படிக்கிற பழக்கம் நம் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன்படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் கட்டுகிற கயிறு பிரிப்பதற்கு. கையில் பிடிக்கிற புத்தகம் சேர்ப்பதற்கு. ஒன்றைத் தைரியமாகக் காட்டுகிறார்கள், மற்றதை மறைக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலைதான் மாற வேண்டும்.

பதிப்பகத்தாரிடம் வேறு நிற அட்டை போடச் சொல்லலாமா என்று எங்களுக்குள் பேசினோம். வேண்டாம் என்றே முடிவு செய்தோம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அந்த நீல அட்டையைப் பிடித்தால், எந்தத் தெரு என்ற கேள்விக்கு வேலை இருக்காது. ஆகவே மற்றத் தெரு மாணவர்களிடமும் கேட்கிறோம்: நீங்களும் ஒன்று வாங்குங்கள், பேருந்தில் விரித்துப் படியுங்கள். ‘சாதி ஒழிப்பு’ உரையே முக்கியமாக உங்களுக்காக எழுதப்பட்டதுதான். லாகூரில் அதைக் கேட்க வேண்டியிருந்தவர்கள் சாதி இந்துக்கள்.

மேசையருகே ஒலித்த பாட்டு

ஒலிபெருக்கி இல்லாமல் நாங்கள் கடை விரிப்பதில்லை. பாட்டைக் கேட்டு நின்றவர்தான் புத்தகத்தைப் பார்ப்பார்.

இந்த ஆண்டும் அதிகம் போட்டது கே.ஏ. குணசேகரன் குரலைத்தான். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அது. பேராசிரியராக, நாடகக்காரராக, ‘தன்னானே’ கலைக்குழுக்காரராக வாழ்ந்தவர். 2016 ஜனவரியில் மறைந்தார். பாட்டு முடிந்ததும் அவருடைய தன்வரலாறான ‘வடு’ நூலை எடுத்துக் காட்டுவோம். பாடியவரே எழுதியவரும் என்று அறிந்து வாங்குகிறவர்கள் நிறைய. பாட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவே வேலி இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

இளைஞர்கள் கேட்பது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த இசை. அந்தப் பெயர் அயோத்திதாசர் சொன்ன ‘சாதியற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொன்னால், பாட்டுக் கேட்க வந்த பையன் பண்டிதர் நூலையும் புரட்டுகிறான். இசைவாணியின் கானாவைப் போட்டால் பெண்பிள்ளைகள் நெருங்கி வருவார்கள்.

பறையைப் போடும்போது மட்டும் கூட்டம் இரண்டாகப் பிரியும். இளையவர்கள் ஆடுவார்கள். வயதான சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பில் ஒரு வரலாறு இருக்கிறது. சாவுக்கு அடி, செத்த மாட்டைத் தூக்கு என்று கட்டாயப்படுத்தப்பட்ட காலத்தில், “இனி அடிக்க மாட்டோம்” என்று பறையைக் கீழே வைத்தது பல ஊர்களில் ஒரு போராட்டம். உதைபட்டு அந்த உரிமையை வாங்கியவர்கள் அவர்கள். இன்று பேரன் அதை மேடையில் கலையாக எடுக்கிறான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தாத்தா கீழே வைத்ததும் மானத்துக்காக. பேரன் கையில் எடுப்பதும் மானத்துக்காக. யாருடைய கட்டாயத்தில் அடிக்கிறோம், யாருடைய விருப்பத்தில் அடிக்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

அடுத்த ஆண்டுக்கு

எங்கள் மேசை வருகிற நாள் ஆண்டில் சில நாட்கள்தான். மீதி நாட்களுக்குப் புத்தகம் எங்கே? நூலகத்தில் இருக்க வேண்டும். பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948இல், சென்னை மாகாணத்தில்தான் வந்தது. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சில இடங்களில் ரேஷன் சாமான் மூட்டை கிடக்கிறது.

மாணவர்களே, உங்கள் ஊராட்சிக் கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கிராம சபை உண்டு. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கிளை நூலகம் திறந்திருக்கிற ஊரில், வேண்டிய நூலின் பெயரை எழுதி நூலகரிடம் கொடுங்கள். ‘கருக்கு’, ‘வடு’, ‘கோவேறு கழுதைகள்’, ‘பீமாயணம்’. நான்கு பெயர் போதும், தொடங்குவதற்கு.

நூலகத்திலிருந்து எடுக்கிற புத்தகத்துக்கு யாரும் செய்தித்தாள் அட்டை போட வேண்டாம். ஊரார் எல்லோருக்கும் பொதுவான முத்திரை அதன்மேல் குத்தியிருக்கும்.